ஆறு கண் பாலத்தில் ரெண்டு கண்ணை அறுத்து எடுத்த கதை

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, நாலு மாசமாக ஃபோமில் செதுக்கிய மாதிரிப் பாலத்தின் தென்கோடியில் ரெண்டு கண்ணை, அதாவது ரெண்டு வளைவை, ரம்பம் வைத்து அறுத்து எடுத்தேன். "ஏங்க, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் மனைவி. நல்லாத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பாலம், செயின்ட் ஐவ்ஸ் ஊர்ப் பாலம். கார்ன்வால் கடற்கரையில் இருக்கிற செயின்ட் ஐவ்ஸ் இல்லை. கேம்பிரிட்ஜ்ஷயரில், கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சந்தை ஊர். கேம்பிரிட்ஜிலிருந்து, தனித்தடத்தில் ஓடும் கைடட் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய் விட்டுவிடும். 1107 வாக்கில் அங்கே மரப்பாலம் வந்தது. 1110-இல் அரசர் முதலாம் ஹென்றி, ராம்சி என்ற கிறிஸ்தவத் துறவி மடத்துக்குச் சந்தை நடத்தும் உரிமை கொடுத்தார். சந்தைக்கு வண்டி வரவேண்டுமென்றால் ஆற்றைக் கடக்க வழி வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த மரப்பாலத்துக்குப் பதிலாக 1425 வாக்கில் கல்லில் எழுப்பியதுதான் இப்போது நிற்பது. ஆறு கண். நடுத்தூணோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேலே ஒரு குட்டித் தேவாலயம். அதன் பீடத்தை 1426-இல் வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். பாலத்தின் மேலேயே தேவாலயம் மிஞ்சியிருக்கும் இடங்கள் இங்கிலாந்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

நான் செய்வது 1:100 அளவில். எக்ஸ்பிஎஸ் ஃபோம் (இறுகிய நுரைப்பலகை), 10ஏ பிளேடு (கூர்முனைக் கத்தி அலகு), மொக்கைப் பென்சில், கசக்கி உருட்டிய அலுமினியத் தாள். வழக்கமான சாமான்கள்தான், விளக்க வேண்டியதில்லை.

விளக்கியே ஆகவேண்டியது கூர்வளைவு, அதாவது உச்சி கூராக முடிகிற வளைவு. வட்ட வளைவுக்கு மையம் ஒன்று. காம்பஸை ஒரே இடத்தில் குத்திச் சுற்றினால் போதும். கூர்வளைவுக்கு மையம் ரெண்டு. இடப்பக்க வில்லுக்கு மையம் வலப்பக்கம், வலப்பக்க வில்லுக்கு இடப்பக்கம். இதுவரை பள்ளிக்கூடப் பாடம். சிக்கல் கல் இடுக்குகளைக் கீறும்போதுதான் வரும். ஒவ்வொரு கல்லின் இடுக்கும் அந்தந்த வில்லின் மையத்தை நோக்கிச் சாயவேண்டும். முதல் கண்ணில் எல்லாக் கோட்டையும் நடு மையத்திலிருந்தே இழுத்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தால் வளைவு ஏதோ கழுத்து சுளுக்கியது மாதிரி இருந்தது. என்ன தப்பு என்று புரியவே ரெண்டு நாள் ஆனது. உச்சியில் இன்னொரு தொல்லை. ரெண்டு வில்லும் சேரும் இடத்தில் பிளேடை நிறுத்தாமல் இழுத்தால் முனை மழுங்கி, கூர்வளைவு முட்டைவளைவு ஆகிவிடும். கீழேயிருந்து மேலே, ரெண்டு பக்கமும் தனித்தனி இழுப்பு, ஒவ்வொரு கண்ணுக்கும் புது பிளேடு. இதைக் கற்றுக்கொள்ள மூணு ஃபோம் பலகை குப்பைக்குப் போயிற்று. அதுவும் ஆன்லைனில் வாங்கிய பத்துப் பலகையில் நாலு பலகை மூலை நசுங்கி வந்த பிறகு. கடைக்காரரிடம் கேட்டால் "படம் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

ஒருவழியாகக் கை பழகியதும் ஒரே அச்சட்டையை வைத்து ஆறு கண்ணையும் வெட்டிவிட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

நான் எடுத்த படங்கள் முழுக்க வடகரைப் படித்துறையிலிருந்து எடுத்தவை. தேவாலயத்தையும் அதன் பக்கத்துக் கண்களையும்தான் மாறி மாறி எடுத்திருக்கிறேன். தென்கோடியை எந்தப் படத்திலும் படகோ மரக்கிளையோ மறைத்திருந்தது. போன வாரம்தான் தேவாலயச் சாவியை அந்த ஊர் நாரிஸ் அருங்காட்சியகத்தில் வாங்கி உள்ளே பார்த்துவிட்டு, சும்மா தென்கரைப் பக்கம் இறங்கினேன். நிமிர்ந்தால் கடைசி ரெண்டு கண்ணும் நல்ல வட்டம்! மற்ற நாலும்தான் கூர்.

காரணம், அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர். 1645-இல் அரசர் சார்லஸின் படை லண்டன் பக்கம் வந்துவிடக்கூடாது என்று, நாடாளுமன்றப் பக்கத்துத் தளபதி கிராம்வெல்லின் ஆட்கள் அந்த ரெண்டு கண்ணையும் இடித்துவிட்டுத் தூக்குப்பாலம் போட்டார்கள். சண்டை முடிந்தும் யாரும் சரிசெய்யவில்லை. எழுபது வருஷம் அந்தத் தூக்குப்பாலத்தில்தான் ஊர் போய்வந்தது. 1716-இல் மான்செஸ்டர் பிரபு திரும்பக் கட்டினார். அப்போது யார் கூர்வளைவு கட்டுவார்கள்? அந்தக் காலத்து வழக்கப்படி வட்டமாகக் கட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத்தான் நாலு மாசம் பிடித்தது.

வேடிக்கை, அதே ஊர் சந்தைத் திடலில் கிராம்வெல்லுக்கு 1901-இல் சிலை வைத்திருக்கிறார்கள். 1631-லிருந்து அஞ்சு வருஷம் அங்கே விவசாயம் பார்த்தவர், அந்தப் பாசம். பாலத்தை உடைத்ததை மன்னித்துவிட்டார்கள் போல. நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, அறுத்தாயிற்று. மேசையில் நாலு கண் பாலமும் ஒரு பெரிய ஓட்டையும் நின்றன. அப்போதுதான் உறைத்தது: இது 1645! அறுத்து எடுத்த துண்டு 1425! தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆகவே திட்டம் மாறிவிட்டது. அந்த ஓட்டையில் மாற்றி மாற்றிப் பொருத்த மூணு துண்டு: கூர்வளைவு ரெண்டு (மற்ற நாலைப் போலத்தான் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன்), பால்சா மரத்தில் தூக்குப்பாலம், 1716-இன் வட்டம் ரெண்டு. தூக்குப்பாலத்துக்குப் படம் எதுவும் என்னிடம் இல்லை. எளிமையாக ரெண்டு உத்திரம், பலகை, சங்கிலி என்று விடப்போகிறேன்.

வட்டத் துண்டு நேற்று முடிந்தது. கூர்வளைவில் பட்ட பாட்டுக்குப் பிறகு இது வெண்ணெய் வெட்டின மாதிரி. பொருத்தத்தில்தான் மாட்டிக்கொண்டேன். காந்தம் 3 மில்லிமீட்டர் போட்டேன். பிடிக்கிறது, ஆனால் கைப்பிடிச்சுவரில் மயிரிழை இடைவெளி தெரிகிறது. நேராக வெட்டியதால்தான் கண்ணில் குத்துகிறது. வெட்டைக் கல் இடுக்கோடு படிப்படியாக, பல்லுப் பல்லாகப் போகவிட்டால் மறைந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படி வெட்டினால் மூணு துண்டுக்கும் அதே பல் வரவேண்டும். முதல் துண்டை அச்சாக வைத்து மற்ற ரெண்டையும் உரசி உரசிச் சேர்க்க வேண்டியதுதான். யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

வண்ணம் இன்னும் தொடவில்லை. கல், பார்னாக் என்ற ஊரில் வெட்டிய சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை வெட்டும் உரிமைக்கு ராம்சி மடம் பீட்டர்பரோ மடத்துக்கு ஆண்டுதோறும் 4,000 விலாங்கு மீன் கொடுத்து வந்ததாம். ஃபோமுக்கு நான் கொடுத்த காசை நினைத்தால் மீன் மலிவாகத் தோன்றுகிறது. நேரில் பார்த்தால் கல் வெளிர் மஞ்சளும் இல்லை, சாம்பலும் இல்லை. மழை நாளில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். பஃப் (வெளிர் மஞ்சள்பழுப்பு) நிறத்தில் சொட்டுக் கறுப்பு கலந்து நாலு மாதிரித் துண்டு அடித்து ஜன்னலில் வைத்திருக்கிறேன். ரெண்டாவதுதான் கிட்ட வருகிறது. தண்ணீர்க்கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை பச்சைப் பாசி வேண்டும்; நிஜத்திலும் அங்கேதான் இருக்கிறது.

தேவாலயத்துக்கும் இதே மாற்றுத்துண்டு வேலை செய்யலாமா என்று மனசு அரிக்கிறது. மடங்களைக் கலைத்த பிறகு அது வீடாயிற்று, ஒரு காலத்தில் 'குட்டி நரகம்' என்று பேர்போன சத்திரமும் ஆயிற்று. 1736-இல் தலையில் ரெண்டு மாடி ஏற்றினார்கள். அடித்தளம் தாங்காது என்று 1930-இல் இறக்கிவிட்டார்கள். மாடியை மூடி மாதிரி எடுத்து வைக்கிற விதத்தில் செய்தால் 1716 வட்டக் கண்ணோடு சேர்ந்து அழகாக வரும். செங்கல் வரிசை கீறணுமே என்பதுதான் பயம்.

தெற்கே வெள்ளச் சமவெளியைத் தாண்ட 1822-இல் போட்ட 55 கண் பாலத்தையும் சேர்க்கச் சொல்லி ஒரு நண்பர் கேட்டார். நாலு கூர்வளைவுக்கே எத்தனை பிளேடு போயிற்று என்று அவருக்குச் சொல்லவில்லை. இன்று ராத்திரி பல்லு வெட்டு. பிளேடு பெட்டியில் ஆறுதான் மிச்சம்.