லண்டனில் கடை புதுப்பிக்கிறீர்களா? கான்ட்ராக்டர் தரும் பாதுகாப்புத் திட்டத்தைப் படித்துப் பாருங்கள்

வெம்ப்ளியில் எங்கள் கடையைப் புதுப்பிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. பிளானிங், பில்டிங் கண்ட்ரோல் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. உயிரை வாங்கியது கட்டுமான வேலையில் பாதுகாப்புக்கான சிடிஎம் 2015 விதிகள்தான்.

"அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் அண்ணா" என்றார் கான்ட்ராக்டர். சொந்த வீடு என்றால் சரி, கிளையண்டின் (வேலையைச் செய்விப்பவரின்) கடமைகள் பொதுவாக அவர் பக்கம் போய்விடும். வியாபார இடத்துக்கு அப்படியில்லை. எலக்ட்ரீஷியன், பிளம்பர் என ஒன்றுக்கு மேற்பட்ட கான்ட்ராக்டர் வந்தாலே வடிவமைப்புக் கட்டத்தில் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பிரின்சிபல் டிசைனர், சைட்டில் அதைப் பார்த்துக்கொள்ளும் பிரின்சிபல் கான்ட்ராக்டர் இருவரையும் நாம் எழுத்தில் நியமிக்க வேண்டும். நியமிக்காமல் விட்டால் அவர்கள் வேலையும் நம் தலையில்தான்.

அடுத்து, "சின்ன வேலை, எஃப்10 வேண்டாம், அதனால பாதுகாப்பு பிளானும் வேண்டாம்" என்றார். முதல் பாதி உண்மை. எஃப்10 என்பது பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எச்எஸ்இக்கு வேலையை அறிவிக்கும் படிவம். வேலை 30 வேலைநாளைத் தாண்டி, எப்போதாவது ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் இருந்தால், அல்லது மொத்தம் 500 ஆள்நாளை (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை ஓர் ஆள்நாள்) தாண்டினால்தான் எச்எஸ்இக்கு எஃப்10 போக வேண்டும். ஆனால் கட்டுமானக் காலப் பாதுகாப்புத் திட்டம் எவ்வளவு சின்ன வேலைக்கும் வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன்பே.

நச்சரித்து வாங்கிய திட்டத்தைத் திறந்தால், அவசர ஆஸ்பத்திரிக்குப் பர்மிங்ஹாம் முகவரி! கூரைக்குச் சாரம் கட்டுவது பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நாங்கள் கூரையைத் தொடவே இல்லை. அஸ்பெஸ்டாஸ் என்ற வரிக்கு எதிரே மட்டும் 'இல்லை' என்று அழகாக ஒரு டிக். கட்டடமோ அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடிய, 2000க்கு வெகு முந்தைய கட்டடம், ஸ்டோர் ரூம் சீலிங் முழுக்கப் பழைய ஆர்டெக்ஸ் என்ற அலங்காரப் பூச்சு, அதிலும் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்.

திருப்பி அனுப்பினேன். "இப்படி இழுத்தா ஆளுங்க வேற சைட்டுக்குப் போயிடுவாங்க" என்று முறைத்துக்கொண்டார். போனால் போகட்டும் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டடத்தைப் பற்றிய தகவலைத் தருவது கிளையண்டின் வேலை. கையில் இருந்த மேனேஜ்மென்ட் சர்வே (அன்றாடப் பயன்பாட்டுக்கான அஸ்பெஸ்டாஸ் சோதனை), பிய்த்து எடுக்கும் வேலைக்குச் செல்லாது. ரீஃபர்பிஷ்மென்ட் சர்வே தனியாக எடுக்க வேண்டும், செலவு கொஞ்சம் கடிக்கும். ரிப்போர்ட்டில் ஆர்டெக்ஸுக்கு நேரே 'கிரைசோடைல்' என்று வந்தது, அதாவது வெள்ளை அஸ்பெஸ்டாஸ். அப்புறம் அவரிடமிருந்து பேச்சே இல்லை. புதிய திட்டம் மறுநாளே வந்தது, ஆஸ்பத்திரியும் லண்டனுக்கு வந்துவிட்டது.

ஒரு விஷயம்: கழிப்பறையும் கை கழுவ வெந்நீரும் வேலை தொடங்கும் நாளிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து பப்பைக் காட்டுவார்கள்.

ஹெல்த் அண்ட் சேஃப்டி ஃபைல் (பின்னாளில் கட்டடத்தில் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புத் தகவல் தொகுப்பு) கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள், இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் ஃபைல் இன்னும் வரவில்லை. பணமும் போகவில்லை.