பாதம் எரிந்தாலும் தூங்க முடிந்தது எப்படி

கூட்டு மருந்து சாப்பிட்டு எச்.ஐ.வி. கட்டுக்குள் வந்த பிறகும் எனக்கு ராத்திரிகள் சரியாகவில்லை. ஆரம்பத்தில் கொடுத்த ஸ்டாவுடின் கால் நரம்பைப் பாதித்துவிட்டது. அந்த மருந்தை நிறுத்தி வருஷங்கள் ஆகியும் எரிச்சல் தங்கிவிட்டது. பகலில் போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலை. கை ஓடும்போது வலி அவ்வளவாகத் தெரியாது. விளக்கை அணைத்தால் போதும், உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும்.

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் தேனி ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னேன். இப்போது சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்தில் இருக்கும் டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்று டாக்டர் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் கவுன்சிலர் மேடம் சொன்னதுதான் பயமாக இருந்தது: "படுக்குற நேரத்தைக் குறைங்கம்மா." இருக்கிற தூக்கமும் போனால், நோயை எதிர்க்கும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை இறங்கிவிடாதா?

"வைரஸை மாத்திரை பார்த்துக்கும். எட்டு மணி நேரம் படுத்து அஞ்சு மணி நேரம்தானே தூங்குறீங்க? மிச்ச நேரம் பாயில வலியோட மல்லுக்கட்டுறீங்க" என்றார். உண்மைதான்.

மகளின் பழைய நோட்டில் படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம் என்று தினமும் எழுதினேன். யார் புரட்டினாலும் நோயின் பெயர் அதில் இருக்காது. அதை வைத்து 11.30 மணிக்குப் படுப்பது, காலை 5 மணிக்கு எழுவது என்று முடிவானது. போடிமெட்டு ஏறும் எஸ்டேட் ஜீப்புகள் ஹாரன் அடித்து ஆள் கூப்பிடும் நேரம் அது, அலாரமே தேவைப்படவில்லை.

கஷ்டம் நடுராத்திரியில்தான். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்துவிட வேண்டும். எரியும் காலை ஊன்றி எழ யாருக்கு மனசு வரும்? அதனால் படுக்கும் முன்பே செருப்பு, வாசல் பக்கம் நாற்காலி, காலை நீட்ட ஒரு முக்காலி எல்லாம் எடுத்து வைத்துவிடுவேன். ஒரே அறை வீடு. மகள் விழிக்காதபடி பாயைச் சுருட்டிவிட்டு, அங்கே உட்கார்ந்து மூச்சை மெல்ல இழுத்து விடுவேன். கண் சொக்கினால்தான் மறுபடி பாய். செல்போன் தொடக்கூடாது. சாயங்கால டீ, மத்தியானத் தூக்கம் இரண்டும் போயின.

தொடக்கத்தில் பகலெல்லாம் தலை தொங்கியது, சிடுசிடுப்பு வேறு. போகப்போக, படுத்ததும் தூக்கம் வந்தது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குவதாக நோட்டு காட்டியதும் 15 நிமிடம் 15 நிமிடமாகக் கூட்டிக் கொடுத்தார்கள். இப்போது 10.30 மணிக்குப் படுக்கிறேன். எரிச்சல் இருக்கிறது, அதற்குத் தனி மாத்திரையும் ஓடுகிறது. ஆனால் அது என்னை எழுப்புவது குறைந்துவிட்டது.

மாத்திரை வாங்கப் போகும்போது தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். வலிப்பு, இருமுனை மனநோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்கும் நேரத்தைக் குறைப்பது அந்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வண்டி ஓட்டுகிறவர்களும் சொல்லிவிட வேண்டும்.