பாரிஸிலிருந்து புடாபெஸ்ட் வரை ரயில் பாஸில்

நானும் என் மனைவியும் பாரிஸில் தொடங்கி, ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா வழியாக ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் வரை ரயிலிலேயே சென்றோம். ஐந்து நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள்கள் எங்கே தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இத்தாலிக்கு விண்ணப்பித்தோம். விசாக் கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். கேட்ட தாள்களைக் கேட்டபடி கொடுத்தோம், விசா கிடைத்தது; அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. உள்ளே போய்விட்டால் எல்லைகளே இல்லாத நிலப்பரப்பு என்று எண்ணியிருந்த எங்களுக்கு, ஒவ்வொரு நாடும் தன் எல்லையை ரயில் விதியிலும் நாணயத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பிலும் பத்திரமாக வைத்திருப்பது போகப் போகத்தான் விளங்கியது.

நாங்கள் வாங்கியது யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக விற்கப்படும் இந்தப் பாஸில், தேவையான அளவு பயண நாள்களை வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை எத்தனை வண்டி மாறினாலும் அது ஒரே பயண நாள்தான். அன்றைய பயணத்தைக் கைப்பேசிச் செயலியில் சேர்த்ததும் வருகிற குறியீட்டைப் பரிசோதகரிடம் காட்டினால் போதும். ஆனால், பாஸ் கையில் இருப்பதாலேயே எல்லா வண்டிகளிலும் ஏறிவிட முடியாது. பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து சூரிச் செல்லும் அதிவேக வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதிவு செய்தாக வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் குறைவு என்பதால் ஊரிலிருக்கும்போதே அதை முடித்துவிட்டோம். ஸ்விட்சர்லாந்துக்குள் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலான வண்டிகளில் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். செலவு மட்டும் யூரோவிலிருந்து பிராங்குக்கு மாறி, கண்ணைக் கட்டுகிறது. சூரிச் நகரில் 1,200க்கும் மேற்பட்ட பொது நீரூற்றுகள் இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் வருவது குடிநீர் என்று தெரிந்த பிறகு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மனைவி தண்ணீர் பாட்டில் வாங்குவதை அத்தோடு நிறுத்திவிட்டார்.

பயணத்தில் நாங்கள் மிகவும் ரசித்த பகுதி ஸ்விட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோவுக்கு இறங்கும் பெர்னினா பாதை. 1910ஆம் ஆண்டு முழுமையடைந்த இந்தப் பாதை, 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கண்ணாடிக் கூரை வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸில் போக வேண்டுமானால் பாஸுடன் முன்பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரணச் சிவப்பு வண்டிக்குப் பாஸ் மட்டும் போதும், அதன் சில பெட்டிகளில் சன்னலையும் திறக்கலாம். என்னைக் கேட்டால் சாதாரண வண்டியே உயர்ந்தது. 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்திலிருந்து 429 மீட்டர் உயரத்தில் இருக்கும் திரானோவுக்கு, சரிவில் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பல்சக்கரத்தின் உதவியே இல்லாமல், சில இடங்களில் 1,000 மீட்டருக்கு 70 மீட்டர் என்ற சரிவில் வண்டி இறங்குகிறது. ஆல்ப் க்ரூம் நிலையத்தில் பாலூ பனியாறு தெரிகிறது. ப்ரூசியோவில் வண்டி திறந்த வெளியில் ஒரு முழு வட்டமடித்துத் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து செல்கிறது. இத்தாலிய எல்லை வருவதற்கு நெடுநேரம் முன்பே, பொஸ்கியாவோ பள்ளத்தாக்கில் பெயர்ப்பலகைகள் இத்தாலிய மொழிக்கு மாறிவிட்டதை என் மனைவிதான் கவனித்தார். அங்குள்ள மக்கள் ஸ்விட்சர்லாந்துக் குடிமக்கள், பேசுவது இத்தாலியம். கடைசியில் வண்டி திரானோவின் தெருவிலேயே, பேராலயத்தை ஒட்டி, டிராம் போல ஊர்ந்து நிலையத்துக்குள் போகிறது.

இத்தாலியில் பாஸின் மவுசு குறைந்துவிடுகிறது. கோமோ ஏரிக் கரையோரமாக மிலான் போகும் உள்ளூர் வண்டியில் சிக்கலில்லை. மிலானிலிருந்து வெனிஸுக்கு அதிவேக வண்டியில் போகப் பாஸுக்கு மேல் மறுபடியும் பணம் கேட்டார்கள். எனவே வெரோனாவில் மாறி உள்ளூர் வண்டிகளிலேயே போய்ச் சேர்ந்தோம். இத்தாலிக்குள் மட்டும் சுற்றுகிறவர்கள் சில வாரங்கள் முன்பாகவே தனிச் சீட்டு எடுப்பதுதான் லாபம்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு எங்களுக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேலானது. ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் காவலர் இருவர் பெட்டி பெட்டியாக வந்து கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். உள் எல்லைகளில் சோதனை வழக்கமில்லை என்றாலும், இப்படி நடப்பதுண்டு என்பதால் அசலைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது. வழியில் வரும் செம்மரிங் மலை ரயில் பாதை 1854இல் திறக்கப்பட்டது. வியன்னாவில் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஊரே கடையடைத்திருக்க, பெரிய ரயில் நிலையத்திலிருந்த மளிகைக் கடையில் மட்டும் கூட்டம் நெரிந்தது. அங்கே தயிரும் ரொட்டியும் பழங்களும் வாங்கி அன்றைய பாட்டைக் கழித்தோம். குழாய்த் தண்ணீர் இங்கும் பிரமாதம். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாய் வழியே வருவது அது.

புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்தில் இறங்கியபோது நாணயம் மறுபடியும் மாறி, போரிண்ட் ஆகியிருந்தது. ரயில் பாஸ் நகர மெட்ரோவுக்குச் செல்லாது. 1896இல் திறக்கப்பட்ட முதல் மெட்ரோ பாதையில் ஏறும் முன் காகிதச் சீட்டை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், விட்டுவிட்டால் அபராதம். பணம் எடுப்பதை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். நிலையத்தின் நாணய மாற்றுக் கடைகளைத் தவிர்த்து ஒரு வங்கியின் ஏடிஎம்மைத் தேடிப் போனவர், ரூபாயில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டபோது மறுத்து, போரிண்டிலேயே எடுத்தார். ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் இயந்திரம் சொல்லும் நாணய மாற்று விலைதான் விலை, மறுத்தால் நம் வங்கியின் விலை என்று அங்கேயே எனக்குக் கணக்குப் போட்டும் காட்டினார்.