அதே 32 கிலோமீட்டரும் தெரியாத ரோடும்: ஒரு சைக்கிள் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025, திங்கள்

"தினம் அதே ரோட்டுல செக்குமாடு மாதிரி சுத்துறியே, சலிக்கலையாடா உனக்கு?" என்று நண்பன் கேட்டான். ஒரு ரோட்டில் இரண்டாம் தடவை போவதே நேர விரயம் என்று நினைக்கிற ரகம் அவன். சலிக்கவில்லை என்றேன், நம்பவில்லை. சரி, கொஞ்ச நாளைக்குப் பழைய ரோட்டையும் புது ரோட்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்போம், தோன்றுவதை அன்றன்றைக்கே எழுதி வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பாதை 32 கிலோமீட்டர். வீட்டில் தொடங்கி வீட்டிலேயே முடிகிற ஒரு சுற்று, நடுவில் ஒரே ஒரு ஏற்றம். எந்த வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும், எந்த இடத்தில் சாக்கடை மூடி ரோட்டைவிட இரண்டு விரல் தாழ்ந்து கிடக்கிறது, எந்த சிக்னலுக்கு எங்கிருந்து மிதிப்பதை விட்டால் கால் ஊன்றாமலே பச்சையில் போய்விடலாம் என்பதெல்லாம் கை கால்களுக்கே தெரியும். தலைக்கு வேலையே இல்லை. அது சும்மா கிடப்பதால் நான் அதை வேறு எதற்காவது எடுத்துக்கொள்கிறேன். நாள்கணக்கில் ஓடாமல் நின்ற வேலைக்கு ஒரு வழி, ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்ட பேச்சின் முதல் வாக்கியம், இதெல்லாம் ஏற்றம் முடிந்து வருகிற அந்த நீளமான சமதளத்தில்தான் எனக்குக் கிடைக்கும். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் வருவதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காற்று. போகும்போது முகத்தில் அறைந்தது, திரும்பும்போது முதுகில் தள்ளியது. இரண்டும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், ஆகாது. 20 கிலோமீட்டர் போய் 20 கிலோமீட்டர் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாமல் மணிக்கு 25-ல் ஓட்டினால் மொத்தம் 96 நிமிடம். போகும்போது 20, வரும்போது 30 என்றால் 60-ம் 40-ம் சேர்ந்து 100 நிமிடம். எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டிருக்கிற நேரம் அதிகம், பின்காற்றை அனுபவிக்கிற நேரம் குறைவு, அவ்வளவுதான் விஷயம். அதோடு காற்றுத் தடையை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது, அதாவது காற்றில்லாத நாளில் வேகத்தை இரட்டிப்பாக்க அந்தத் தடைக்கு மட்டும் எட்டு மடங்கு உழைக்க வேண்டும். எதிர்க்காற்றில் வீறாப்பாக அழுத்தி மிதிப்பவர்கள் சீக்கிரம் அடங்கிப்போவது இதனால்தான்.

இதெல்லாம் புரிவதற்கே ஒரே பாதை வேண்டியிருக்கிறது. இன்றைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனது காற்றாலா, நேற்று சரியாகத் தூங்காததாலா, டயரில் காற்று இறங்கியதாலா என்று பிரித்துப் பார்க்க மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். போன வருஷம் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கிய அதே வேகத்தில் இப்போது வாயை மூடிக்கொண்டே ஏறுகிறேன் என்பது அதே ஏற்றம் இருந்ததால்தானே தெரிகிறது? தினம் ஒரு புது ரோட்டில் போகிறவனுக்கு அந்த ரோடு கடினமா, தான் பலவீனமா என்பது கடைசி வரை தெரியாது. இதை நண்பனுக்கும் அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று திரும்பி வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

புது ரோடு, 51 கிலோமீட்டர்.

நேற்று ராத்திரி கணினியில் பாதை போட்டபோது நடுவில் 18 சதவீத ஏற்றம் ஒன்று செங்குத்தாக நின்றது. நூறு மீட்டர் போவதற்குள் பதினெட்டு மீட்டர் ஏறுவது என்றால் என் கியருக்கு இறங்கித் தள்ள வேண்டியதுதான். பயந்துகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பாலம்! தட்டையான பாலம், கீழே ஆழமான பள்ளம். இந்த மாதிரி உயர விவரங்களுக்குப் பல இடங்களில் அடிப்படையாக இருப்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் வைத்து எடுத்த அளவுகள். அது பூமியைக் கட்டம் கட்டமாக அளந்தது, ஒரு கட்டத்துக்கு ஒரு உயரம். குறுகலான பாலத்தில் போகும் ரோடு அதில் தனியாகத் தெரியாமல் பள்ளத்தின் உயரமே பதிந்துவிடுகிறது, மென்பொருளும் நம்மைப் பள்ளத்துக்குள் இறக்கி மறுபடி ஏற்றுவதாகக் கணக்குப் போடுகிறது. குடைந்து போட்ட ரோட்டிலும் சுரங்கப் பாதையிலும் இதே கூத்துதான், அங்கே தலைக்கு மேலிருக்கும் மலையின் உயரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே வரைபடத்தில் குறுகலாக, ஊசி மாதிரி ஒரு ஏற்றத்தைப் பார்த்தால் முதலில் அங்கே பாலம் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பயப்படலாம்.

நிஜ ஏற்றம் வேறு இடத்தில் இருந்தது. வரைபடத்தில் சாதுவாகத் தெரிந்த 5 சதவீதம், இரண்டு கிலோமீட்டர். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கே முடியும் என்று தெரியாதபோது ஐந்து சதவீதமும் ஐந்து சதவீதமாக இருப்பதில்லை. ஒரு வளைவைத் தாண்டினால் உச்சி என்று நினைத்து எழுந்து நின்று மிதித்தேன், வளைவுக்குப் பின்னால் ரோடு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்து, மிகச் சின்ன கியருக்கு இறங்கி, முன் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு மீட்டர் தாரை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். தார் அங்கே பழையது, கல்லெல்லாம் மேலே துருத்திக்கொண்டு நிற்க, ஹேண்டில் பாரில் ஒரு சன்னமான அதிர்வு வந்துகொண்டே இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோதுதான் கவனித்தேன், முழு ஏற்றத்திலும் வேறு ஒரு நினைப்புகூட மனதில் ஓடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தொடை இரண்டும் கல். ஓட்டவில்லை.

ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். நேற்றுத் திரும்பி வந்த பாதி, போன பாதியைவிடச் சின்னதாகத் தோன்றியது, இத்தனைக்கும் வேறு ரோட்டில்தான் திரும்பினேன். தெரிந்த ரோடு என்பதால் திரும்பும் பயணம் சீக்கிரம் முடிவதுபோல இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2011-ல் நெதர்லாந்தில் சிலர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள், ஆட்களைச் சைக்கிளிலேயே அனுப்பியும் பார்த்திருக்கிறார்கள். அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பியவர்களுக்கும் திரும்பும் பயணம் குறைவாகத்தான் தோன்றியிருக்கிறது. போகும்போது எதிர்பார்த்ததைவிட நேரம் ஆகிறது, திரும்பும்போது அதை உத்தேசித்தே கிளம்புகிறோம் என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. பாதையை மனப்பாடம் செய்ததைவிட, எவ்வளவு நேரம் ஆகும் என்று மனம் முடிவு கட்டிவிட்டதுதான் பெரிய வேலை செய்கிறது போல.

பிப்ரவரி 13, வியாழன்

பழைய பாதை. பிரேக் பிடிக்காமலே எப்போதும் சாய்ந்து திரும்புகிற அந்த வளைவில் இன்றைக்கு சரளை. ரோட்டில் ஒட்டுப்போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், வளைவின் உட்பக்கத்தில் ஒரு கையகலத்துக்குப் பரவிக் கிடந்தது. முன்னால் ஒரு பேருந்து மெதுவாகப் போனதால் நானும் மெதுவாகப் போனேன், தப்பித்தேன். இல்லையென்றால் முன்சக்கரம் வழுக்கியிருக்கும்.

தெரிந்த ரோட்டின் ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் மூளை நேற்றுப் பார்த்த ரோட்டையே இன்றைக்கும் காட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் பீற்றிக்கொண்ட அந்தக் காலித் தலைக்கு இதுதான் விலை. புது ரோட்டில் குழி இருக்கலாம், நாய் இருக்கலாம், முட்டுச் சந்து இருக்கலாம், ஆனால் எதிர்பார்த்துக்கொண்டே போவதால் விரல் எப்போதும் பிரேக்கின் மேல்தான் இருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு அதே 32 கிலோமீட்டரைத் தலைகீழாக ஓட்டினேன். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஏன் என்று புரியவில்லை. நோகாமல் கிடைக்கிற புது ரோடு இது.

முதலில் ஏற்றம். இதுவரை நான் இறங்கி வந்த பக்கம்தான் செங்குத்து என்பது மிதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இறங்கும்போது பத்து பதினைந்து எண்ணுவதற்குள் பறந்துவிடுகிற ஒரு துண்டு, ஏறும்போது முடியவே மாட்டேன் என்றது. அந்த நீளமான சமதளம் சமதளமே இல்லை, மிக லேசான இறக்கம்! என் மிகச் சிறந்த யோசனைகள் எல்லாம் ஒரு சதவீத இறக்கத்தின் தயவில் வந்திருக்கின்றன.

இன்னொன்று, திருப்பங்கள். வண்டிகள் இடப்பக்கம் ஓடுகிற இடங்களில் இடஞ்சுழியாகச் சுற்றினால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கம், ரோட்டைக் கடக்காமலே போய்விடலாம். வலஞ்சுழியாகச் சுற்றினால் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே கடக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளில் இது அப்படியே மாறும். புதிதாகச் சுற்றுப்பாதை ஒன்று போடுகிறவர்கள் தூரத்தையும் ஏற்றத்தையும் பார்ப்பதற்கு முன்னால் எந்தப் பக்கம் சுற்றப் போகிறோம் என்பதை முடிவு செய்வது நல்லது, நெரிசல் நேரமானால் கட்டாயம்.

பிப்ரவரி 19, புதன்

நண்பன் ஒரு கணக்கு அனுப்பியிருந்தான், என்னை மடக்குவதற்கு. எடிங்டன் எண். வானியலாளர் ஆர்தர் எடிங்டன், ஆமாம், 1919 சூரிய கிரகணத்தில் ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துப் பார்த்தவர், 1935-ல் நம் இயற்பியலாளர் சந்திரசேகரின் வெள்ளைக் குள்ள விண்மீன் கணக்கை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தவர், அவரேதான். பெரிய சைக்கிள் பைத்தியம். குறைந்தது 50 மைல் ஓட்டிய நாட்கள் 50 இருந்தால் உங்கள் எண் 50. 51 ஆக வேண்டுமென்றால் 51 மைலுக்குக் குறையாத நாட்கள் 51 வேண்டும், ஐம்பது மைல் ஓட்டிய நாளெல்லாம் அப்போது செல்லாது. சாகும்போது அவருடைய எண் 84. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சண்டைக்கு அப்புறமும் சந்திரசேகருக்கு எழுதிய கடிதங்களில் இந்த எண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 75-ல் நின்றிருந்த சமயம் 74¾ மைல் இரண்டு தடவை ஓட்டிவிட்டு, இரண்டும் கணக்கில் சேராமல் போனதைப் புலம்பியிருக்கிறார்.

நண்பனின் வாதம் இதுதான்: 32 கிலோமீட்டர் பாதையையே காலமெல்லாம் ஓட்டினால் என் எண், கிலோமீட்டரில் போட்டாலும், 32-க்கு மேல் நகராது. உண்மைதான், பதில் இல்லை.

பதில் இல்லாததால் வேறு கணக்கை அனுப்பினேன். ஒரு மணி நேரச் சாதனை, அதாவது பந்தயத் தடத்தில் தனியாகச் சுற்றி ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது. பெல்ஜியத்தின் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1972-ல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர், இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா 2022-ல் சுவிட்சர்லாந்தில் 56.792. கன்னா ஓட்டியது 250 மீட்டர் தடம், ஒரு மணி நேரத்தில் 227 சுற்றுக்கு மேல், ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. போய் அவர்களைச் செக்குமாடு என்று சொல்லேன் என்றேன். "அவங்களுக்கு சம்பளம் உண்டு" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

நண்பன் இப்போது கட்ட விளையாட்டில் இருக்கிறான். உலக வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சைக்கிளில் போய்த் தொட்ட சதுரமெல்லாம் நிறம் மாறும். பரவலாகப் பயன்படுகிற அளவில் ஒரு சதுரம் நிலநடுக்கோட்டருகே சுமார் இரண்டரை கிலோமீட்டர், துருவங்களை நோக்கிப் போகப் போகச் சிறுத்துவிடும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மூலையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதற்காக ஒன்றுமில்லாத முட்டு ரோட்டில் போய் நின்று, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். ரோட்டைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த வரைபடத்தில் என் பாதையை மட்டும் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் உறைத்தது. என் சுற்றுக்கு நடுவில் இருக்கிற இடமெல்லாம் வெள்ளை. இத்தனை காலமாக எதைச் சுற்றி வருகிறேனோ அதற்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. இன்றைக்குப் போனேன். சுற்றில் பாதி தூரம் போய், எப்போதும் நேராகப் போகிற இடத்தில் உள்ளே திரும்பி, மண் ரோடு, மறுபடி தார், ஒரு குட்டி மேடு, அந்தப் பக்கம் என் ரோட்டிலேயே வந்து விழுந்தது. மொத்தம் நான்கு கிலோமீட்டர் இருக்கும். மேட்டின் உச்சியில் நின்று பார்த்தால் என் சுற்றின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன, நடுவில் இவ்வளவுதான் தூரம் என்பதை நம்ப முடியவில்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புது ரோடு எதுவும் எனக்கு இப்படி இருந்ததில்லை. அங்கே எல்லாமே தெரியாதது, ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. தெரிந்த இரண்டு ரோடுகளுக்கு நடுவே தெரியாத ஒரு ரோடு கிடைத்தால் அந்த இரண்டும் சேர்ந்து மாறிவிடுகின்றன.

பிப்ரவரி 27, வியாழன்

பழைய பாதை, நல்ல யோசனை நாள். பையில் ஒரே ஒரு ட்யூப், நெம்பு, சின்ன பம்ப். தெரியாத ரோட்டுக்குப் போகும்போது இரண்டு ட்யூப், ஒட்டுகிற சாமான், செயின் அறுந்தால் போட ஒரு இணைப்புக் கண்ணி, போனில் இணையம் இல்லாமல் பார்க்க வரைபடம், இருட்டிவிட்டால் விளக்கு. பகலில் கிளம்பினாலும் விளக்கு வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

நண்பனை வற்புறுத்தி என் பாதைக்குக் கூட்டி வந்தேன். எனக்கு அரதப் பழசான ரோடு, அவனுக்குப் புத்தம் புதுசு. நான் மிதிப்பதை விடுகிற இடத்தில் அவன் மிதிக்கிறான், நான் சாய்கிற வளைவில் அவன் பிரேக் பிடிக்கிறான், ஏற்றத்தில் தொடக்கத்திலேயே சீறிப் பாய்ந்து பாதியில் வாயைப் பிளந்துவிட்டான். பேசிக்கொண்டே வந்தவன் நான்தான், அவனுக்குப் பதில் சொல்லக்கூட ஒழியவில்லை. ஆனால் சமதளத்தில் (இறக்கத்தில் என்று திருத்திக்கொள்கிறேன்) சட்டென்று வண்டியை நிறுத்தி, "இது என்னடா?" என்றான். ரோட்டோரப் புதருக்குள் பாதி புதைந்த மைல்கல், எழுத்து தேய்ந்து எண் மட்டும் தெரிகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், பார்த்ததில்லை.

மறுபடி இதே ரோட்டில் வருவாயா என்று கேட்டேன். ஏற்றத்தை இன்னொரு தடவை ஒழுங்காக ஏறிப் பார்க்க வேண்டுமாம், அதற்காக மட்டும் வருவானாம். செவ்வாய்க்கிழமை காலை என்று பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதை போட்டாயிற்று, 58 கிலோமீட்டர். நடுவில் 14 சதவீதம் என்று ஒன்று காட்டுகிறது. அங்கே பாலம் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.