போதையை விட்டபின் வரும் வெறுமை

போதையை நிறுத்திய முதல் சில வாரங்களில் பலரும் சொல்வது ஒன்றுதான்: "எதுவுமே பிடிக்கல." வீட்டில் இருப்பவர்களுக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியும். பாவம், போதையை விட்டவர் மேல் தப்பில்லை. வருடக்கணக்கில் டோபமைன் என்ற, இன்பத்தைத் தேட வைக்கும் ரசாயனத்தின் வெள்ளத்தில் ஊறிய மூளை, அதை உணரும் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டுவிடுகிறது. சின்னச் சந்தோஷங்கள் அதற்கு எட்டுவதே இல்லை. நிலைமை மெல்லத்தான் சீராகும், மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் சறுக்குகிறவர்கள் ஏராளம். நேர்மறை உளவியல், அதாவது மனதின் நல்ல அனுபவங்களை வளர்க்கும் முறை, கைகொடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஆனால் மருத்துவம் முதலில். மதுவையோ, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் பென்சோடையசெபைன் மாத்திரைகளையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளை எடுப்பவர்கள், மனசு தெம்பாகிவிட்டது என்று அவற்றைத் தாமாக விடக் கூடாது.

உடல் நிலைப்பட்டதும் முதலில் பழக வேண்டியது, ரசிப்பது. தினமும் ஒரு தடவை, ஐந்து நிமிடம், ஒரே ஒரு விஷயம். வெந்நீரில் கை கழுவுவது போதும். சூடு எந்த விரலில் முதலில் தெரிகிறது, தோள் எப்போது தளர்கிறது என்று கவனியுங்கள். முதல் வாரம் ஒன்றும் தோன்றாது, தோன்றாவிட்டாலும் செய்யுங்கள். ஆய்வாளர் எரிக் கார்லண்ட் போதைப் பழக்கத்துக்காக உருவாக்கிய 8 வாரச் சிகிச்சையில் இந்த ரசிக்கும் பயிற்சி ஒரு முக்கியப் பகுதி.

அடுத்தது, அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை இரவில் எழுதுவது, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதோடு. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில் ஒரு வாரம் எழுதியவர்களுக்குப் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. அவர்கள் இணையம் வழி சேர்ந்த பொதுமக்கள், போதையிலிருந்து மீள்பவர்கள் அல்ல. அதே பலனை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பலரும் விட்டுவிடுவது "ஏன் நடந்தது" என்ற வரியை. "தம்பி போன் பண்ணினான். ஏன்? நேற்று அவனை நான் கூப்பிட்டேன்." தன் செயலால் நல்லது நடக்கிறது என்பது அந்த வரியில்தான் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "அம்மா சாப்பாடு போட்டார்" என்று எழுதியவுடன் "அவருக்கு நான் என்ன செஞ்சேன்" என்ற குற்றவுணர்வு கிளம்பும். பின்னாலேயே போதை ஏக்கமும். அப்படியானால் சில வாரம் மனிதர்களை எழுத வேண்டாம். நல்ல தூக்கம், வெயில், முடித்த வேலை என்றே எழுதுங்கள். நன்றிக் கடிதமெல்லாம் பிறகு, கவுன்சலருடன் பேசிவிட்டு. அழுகை வந்தால் அழட்டும். "பாசிட்டிவா இரு" என்று வாயடைப்பது இந்த முறையே அல்ல.

சறுக்கலுக்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஒரு தடவை தொட்டதும் "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் பழையபடி இழுத்துப் போகிறது. முதலில் கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். முக்கியமாக, நிறுத்தியிருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். முன்பு தாங்கிய அளவே இப்போது உயிரைப் பறிக்கலாம். ஓபியாய்டு என்றால், அளவு மீறினால் அதை முறிக்கும் நாலாக்சோன் மருந்து வீட்டில் இருக்கட்டும்; அதை எப்படிக் கொடுப்பது என்று உடன் இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.