மாதவிடாய் கப் கசிகிறதா? முதலில் விரிந்ததா என்று பாருங்கள்

மாதவிடாய் கப்புக்கு (ரத்தத்தைச் சேகரிக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் சிலிகான் கிண்ணம்) மாறும் பலர் இரண்டே மாதத்தில் "கசிகிறது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அளவு சரியில்லை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல, உள்ளே போன கப் முழுதாக விரியவில்லை.

மடிப்பை மாற்றிப் பாருங்கள். விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அழுத்தி மடித்தால் முனை சிறுத்துவிடும். நேர் மேலே தள்ளாமல், முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்த்துச் செருகுங்கள். பிறகு கப்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். எங்காவது மடிப்பு தட்டுப்பட்டால் அடியைப் பிடித்து லேசாகத் திருப்புங்கள், விரிந்துவிடும். அப்படியும் கசிந்தால் விளிம்புக்குக் கீழுள்ள நுண்துளைகளைப் பாருங்கள். அடைபட்டிருந்தால் கப்பில் தண்ணீர் நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி அழுத்துங்கள்.

எடுக்கும்போது காம்பை மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது! அடியைக் கிள்ளி, காற்று உள்ளே போன பிறகே இறக்க வேண்டும். காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கப்பைத் தொட வேண்டாம். கப்பின் இழுவையில் காப்பர் டி நகரவோ வெளியே வரவோ கூடும்.

12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் கப் மூழ்கும் அளவு தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள், தண்ணீர் வற்றினால் சிலிகான் கருகிவிடும்.

துணி நாப்கின் என்றால் குளிர்ந்த தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும், வெந்நீர் கறையைப் பதித்துவிடும். துணி மென்மையாக்கி வேண்டாம், அது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.