"ஆமாங்க" என்று நழுவ முடியாத கேள்வி

மதுரைக் கல்லூரிகளில் அமெரிக்க செனட் பாணியில் மாதிரி நியமன விசாரணை (அதிபர் பதவிக்கு முன்மொழிந்தவரை உறுப்பினர்கள் கேள்வி கேட்டு ஆராய்வது) நடத்தும் தம்பி தங்கைகளுக்கு: "ஏஐ பாதுகாப்பு முக்கியம்தானே?" என்று கேட்டால் போச்சு. "ரொம்ப முக்கியங்க" என்பார் முன்மொழியப்பட்டவர். கேள்வி கேட்க உங்களுக்குள்ள ஐந்து நிமிடத்தில் ஒன்று காலி.

எண்ணைப் பிடித்துக் கேளுங்கள். 2023 அக்டோபரில் பைடன் போட்ட ஆணைப்படி, பயிற்சிக்கு 10-இன் 26-ஆம் அடுக்குக்கு (1-க்குப் பின் 26 பூஜ்யம்) மேல் கணக்கீடுகள் செலவாகும் ஏஐ மாடல்களின் பாதுகாப்புச் சோதனை முடிவுகளை நிறுவனங்கள் அரசிடம் தரவேண்டியிருந்தது. 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் அதை ரத்து செய்தார். அந்த இடத்தில் இப்போது என்ன? சோதிப்பது யார்? வெளியிடும் முன்பா, பின்பா? தேறாவிட்டால் நிறுத்தும் அதிகாரம் யார் கையில்? மழுப்பினால் பிறகு எழுத்துக் கேள்வியாக அனுப்பலாம். பதிவில் நிற்கும்.

நம்மூரில் நியமன விசாரணை ஏது? ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) இருக்கு: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் முகமறியும் கேமரா வருகிறதென்று வையுங்கள். "ஏன் வைக்கிறீர்கள்?" என்று எழுதினால், கருத்தெல்லாம் தர முடியாது என்று திருப்பிவிடுவார்கள். "தமிழ்நாடு ஏஐ கொள்கை 2020 சொல்லும் டீப்-மேக்ஸ் மதிப்பெண் அட்டையின் நகல் தருக" என்று ஆவணத்தின் பேரைச் சொல்லிக் கேட்கணும். ஏஐ கருவி எவ்வளவு பாதுகாப்பானது, நியாயமானது என்று மதிப்பிடும் அட்டை அது.